பராமரிப்பு மென்பொருளில் இரட்டைப் பதிவுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

எக்செலில் இருந்த இயந்திரப் பட்டியலைப் புதிய பராமரிப்பு மென்பொருளில் ஏற்றியாயிற்று. தேடல் பெட்டியில் 'ஆர்எஃப்-07' என்று அடித்தால் இரண்டு பதிவுகள் வருகின்றன. ஒன்றில் பழைய ஒர்க் ஆர்டர்கள் (வேலை உத்தரவுகள்) இருக்கின்றன, இன்னொன்றில் இந்த மாதத்து பிஎம் (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு) அட்டவணை இருக்கிறது. ஏழாம் நம்பர் ரிங் ஃபிரேமின் (நூல் நூற்கும் இயந்திரம்) கதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதன் மோட்டார் ஏன் அடிக்கடி சூடாகிறது என்று யாராவது வரலாற்றைப் புரட்டினால் பாதிதான் கிடைக்கும். ஸ்டோரில் பேரிங் இருந்தும் மென்பொருள் 'இல்லை' என்கிறது, மறுபடி வாங்குகிறோம். ஃபிட்டர்கள் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் மென்பொருளை நம்ப மாட்டார்கள், நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவார்கள். என் கவலை முக்கியமாக இதைப் பற்றித்தான்.

உதாரணங்களை நூற்பாலையிலிருந்து எடுத்திருக்கிறேன். மருத்துவமனை, ஹோட்டல், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் என எங்கே இருந்தாலும் காரணங்கள் இவையேதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள்.

முதலில், பிஎம் ஒர்க் ஆர்டர்களைத் தானாக உருவாக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள். இரட்டைப் பதிவு இருக்கும்போது அது ஓடினால் ஒவ்வொரு நாளும் சிக்கல் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது, இப்போது உள்ளே இருப்பதை இருக்கிறபடியே எக்ஸ்போர்ட் செய்து தனியாக வையுங்கள், டேட்டாபேஸ் பேக்கப் எடுக்க முடிந்தால் அதையும் எடுங்கள். மூன்றாவது, எதையும் டெலீட் செய்யாதீர்கள். எந்தப் பதிவு நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பது காரணம் தெரிந்த பிறகுதான் தெரியும்.

அறிகுறி: பட்டியல் முழுவதும் இரட்டிப்பாகிவிட்டது

1,200 இயந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் 2,400 இருக்கிறது. இப்படி மொத்தமாக வந்தால் காரணம் டேட்டாவில் இருப்பது அபூர்வம், ஏற்றிய விதத்தில்தான் இருக்கும்.

பதிவு உருவான நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். இரண்டு கொத்தாகப் பிரிந்து, இடையில் சில நிமிடங்களே இருந்தால், ஒரே ஃபைல் இரண்டு முறை போயிருக்கிறது. பெரிய ஃபைலை ஏற்றும்போது பிரவுசர் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் பிழைச் செய்தி காட்டும். ஆனால் சர்வரில் வேலை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் பிழையைப் பார்த்தவர் மறுபடி 'இம்போர்ட்' அழுத்துவார். ஆகவே பிழை வந்தால் சில நிமிடம் பொறுத்து, இம்போர்ட் லாகையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி. ஃபைலைச் சில நூறு வரிகளாகப் பிரித்து ஏற்றினால் எந்தத் துண்டு போனது, எது போகவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

இரண்டு கொத்துக்கும் இடையில் நாள்கணக்கு இருந்தால், இரண்டாம் முறை யாரோ திருத்திய ஃபைலை 'அப்டேட்' ஆகும் என்று நம்பி ஏற்றியிருக்கிறார்கள், மென்பொருளோ அதைப் 'புதியது' என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதில் ஒரு வழக்கம் உண்டு. ஓடூவில் 'எக்ஸ்டர்னல் ஐடி' (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம்) நெடுவரிசை இருந்தால்தான் பழைய பதிவைத் திருத்தும், அது இல்லாவிட்டால் பெயர், கோடு (அடையாளக் குறியீடு) எல்லாம் ஒன்றாக இருந்தாலும் புதிதாகவே உருவாக்கும். இஆர்பிநெக்ஸ்டில் ஏற்றும்போதே 'புதியவற்றைச் சேர்', 'இருப்பதைத் திருத்து' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், திருத்த வேண்டுமானால் ஃபைலில் 'ஐடி' நெடுவரிசை கட்டாயம். ஐபிஎம் மேக்சிமோவில் 'ஆட்சேஞ்ச்' என்ற செயலைக் கொடுத்தால், பதிவு ஏற்கெனவே இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும். உங்களுடையது எதுவானாலும், எந்த நெடுவரிசையை வைத்து 'இது பழையதுதான்' என்று அது முடிவு செய்கிறது என்பதைக் கையேட்டில் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஓடூவில் திருத்தப் போகிறீர்கள் என்றால், எக்ஸ்போர்ட் செய்யும்போதே மறுபடி இம்போர்ட் செய்ய ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டர்னல் ஐடி தானாகவே கூட வரும்.

அடையாள நெடுவரிசை ஃபைலில் இருந்தும் இப்படி ஆகிறதா? அப்படியானால் அது முதல் நெடுவரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று (சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேமித்தால் ஃபைலின் தொடக்கத்தில் 'பாம்' எனப்படும் மூன்று பைட் குறி ஒன்று சேரும். அதைப் புரிந்துகொள்ளாத இம்போர்ட் கருவி, முதல் நெடுவரிசையின் தலைப்போடு அதையும் சேர்த்துப் படிக்கும். கண்ணுக்கு 'அசெட் கோடு' (இயந்திரத்தின் குறியீடு) என்றே தெரியும் தலைப்பு, கருவிக்கு வேறு சொல்லாகிவிடும். அந்த நெடுவரிசை எதனோடும் பொருந்தாமல் விடுபட, எல்லா வரியும் புதிய இயந்திரமாக உள்ளே போகும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்து 'பாம் இல்லாத யூடிஎஃப்-8' ஆக மாற்றிச் சேமியுங்கள். அல்லது முதல் நெடுவரிசையாக முக்கியமில்லாத ஒன்றை வையுங்கள். இரண்டாவது வழி அசிங்கமாகத் தெரியலாம், ஆனால் நன்றாக வேலை செய்யும்.

அறிகுறி: சில கோடுகள் மட்டும் இரண்டு முறை, ஒன்றில் முன்னால் பூஜ்யம் இல்லை

'00452' என்றும் '452' என்றும் இரண்டு பதிவுகள். இது எக்செலின் வேலை. சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்தாலே போதும், எண் போலத் தெரியும் எதையும் எண்ணாக்கி முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எடுத்துவிடும். சேமித்தால் அதுவே நிலையாகிவிடும். '5-12' என்ற ஸ்பேர் கோடு தேதியாகும், '12இ3' என்ற கோடு பன்னிரண்டாயிரமாகும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இந்தத் தேதித் தொல்லை தாங்காமல் 2020-ல் சில மரபணுக்களின் பெயரை மாற்றியது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சி உலகமே தடுமாறிய இடம் என்பதால், உங்கள் ஸ்டோர் கிளார்க்கைக் கோபித்துப் பயனில்லை.

சிஎஸ்வியை நேராகத் திறக்காமல், எக்செலில் 'டேட்டா' பட்டிக்குள் போய் 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி-யிலிருந்து' என்ற வழியில் எடுங்கள். அங்கே எக்செலின் டேட்டா எடுக்கும் கருவியான பவர் குவெரி தானாகவே 'சேஞ்ச்ட் டைப்' என்று ஒரு படியைச் சேர்த்திருக்கும். அதை நீக்கிவிட்டு, கோடு நெடுவரிசைகளை எல்லாம் 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். மைக்ரோசாஃப்ட் 365 எக்செலில் 2023 முதல் 'ஆப்ஷன்ஸ்', 'டேட்டா', 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்' என்ற இடத்தில் இந்த மாற்றங்களை நிறுத்தி வைக்கலாம். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருடைய கணினியிலும் அதை நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. டூப்ளிகேட் தேட நாம் எல்லோரும் பயன்படுத்தும் 'கவுன்ட்இஃப்' சூத்திரம் இங்கே தவறான விடை தரும். டெக்ஸ்டாக இருக்கும் '00452'-ஐயும் '452'-ஐயும் அது எண்ணாக நினைத்து ஒன்றாகவே எண்ணும். நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ கோடில் இருந்தால் 'எதுவாகவும் இருக்கலாம்' என்று பொருள் கொள்ளும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் அதற்குத் தெரியாது. 'எக்ஸாக்ட்' சூத்திரத்தை 'சம்ப்ராடக்ட்' உள்ளே வைத்து எண்ணினால் சரியாக வரும். மெதுவாக ஓடும், பரவாயில்லை.

அறிகுறி: இரண்டு பதிவும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கின்றன

'ஆர்எஃப்-07', 'ஆர்எஃப்-07'. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. ஆனால் எக்செலில் இரண்டையும் சமமா என்று கேட்டால் 'இல்லை' என்கிறது.

இரண்டையும் காப்பி செய்து எக்செலில் ஒட்டி, எழுத்துகளை எண்ணும் 'லென்' சூத்திரம் போடுங்கள். ஒன்றைவிட மற்றதற்கு ஓர் எண் கூடுதலாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. கடைசியில் இருக்கும் சாதாரண இடைவெளியை 'ட்ரிம்' எடுத்துவிடும். இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டிய டேட்டாவில் வரும் 'உடையாத இடைவெளி'யை ட்ரிம் தொடாது. அதன் யூனிகோடு எண் 160. 'சப்ஸ்டிட்யூட்' கொண்டு 160-ஆம் எழுத்தைச் சாதாரண இடைவெளியாக மாற்றி, அதன் மேல் ட்ரிம் போட வேண்டும். அகலமே இல்லாத இடைவெளி என்று ஒன்றும் உண்டு, அதன் எண் 8203. 'யூனிகேர்' சூத்திரத்தால் அதைப் பிடித்து நீக்கலாம். 'லென்' இரண்டுக்கும் ஒரே விடை தந்தால் கோடின் நடுவில் இருக்கும் சிறு கோட்டைப் பாருங்கள். வேர்டிலிருந்து வந்ததில் சாதாரண ஹைஃபனுக்குப் பதில் கொஞ்சம் நீளமான கோடு உட்கார்ந்திருக்கும்.

இடங்களின் பெயரையோ இயந்திரப் பெயரையோ தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை மென்பொருள் விற்கும் நிறுவனத்தார் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரிந்திருக்காது. யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் குறியாகச் சேமிப்பது ஒன்று, எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகச் சேமிப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றேதான். 'கொதிகலன்' என்ற சொல்லுக்கு 'லென்' போட்டால் முதல் விதத்தில் 8 வரும், இரண்டாவது விதத்தில் 9 வரும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய ஃபைல்களில் இந்தப் பிரிந்த வடிவம் வரலாம். யூனிகோடு தரத்தின்படி இரண்டும் சமம், ஆனால் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் இம்போர்ட் கருவிக்கு இரண்டு வெவ்வேறு இடங்கள். பைத்தான் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நெடுவரிசை முழுவதையும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்கும் யூனிகோடு முறை) மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வரி நிரல்தான்.

ஔகாரத்தில் அதுவும் போதாது. 'ஔ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகச் சிலர் அடிப்பார்கள். 'பௌ'வைக் கொம்பு வைத்த 'ப'வும் 'ள'வுமாக அடிப்பார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, யூனிகோடுக்கு முற்றிலும் வேறு. என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் வழி எளிது: தமிழ்ப் பெயரைப் படிப்பதற்காக வையுங்கள், ஒப்பிடுவதற்குத் தனியாக ஒரு கோடு வையுங்கள். பெயரைத் தமிழில் வைப்பதை இதற்காகக் கைவிட வேண்டாம். ஃபிட்டர் தன் இயந்திரத்தைத் தன் மொழியில் தேட முடிவது பெரிய வசதி.

அறிகுறி: பதிவுகள் கூடவில்லை, குறைந்துவிட்டன

இதையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரட்டைப் பதிவைத் தடுக்கப் போய்த்தான் பலர் இதில் விழுகிறார்கள். ஃபைலில் 900 ஸ்பேர், உள்ளே போனது 640. மீதி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும்.

பார்கோடு எண்ணை அடையாளமாக வைத்திருந்தால் அதை முதலில் பாருங்கள். எக்செல் 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை '8.90123இ+12' என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் ஃபைலுக்குள் போகும். இந்தியாவில் பதிவான பார்கோடுகள் 890 என்று தொடங்கும், ஒரே தயாரிப்பாளரின் பொருட்களுக்கு அடுத்த சில இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கும். ஆக, அந்தத் தயாரிப்பாளரின் பத்து ஸ்பேரும் ஒரே எண்ணாகி, கடைசி ஸ்பேர் மட்டும் மிஞ்சும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட சீரியல் நம்பர் என்றால் இன்னும் மோசம்: 16-ஆம் இலக்கத்திலிருந்து எக்செல் பூஜ்யமாக்கிவிடும், பழையதை மீட்கவே முடியாது. மூல ஃபைலுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

எண்கள் சரியாக இருந்தும் குறைகிறதென்றால், அடையாளமாக வைத்த நெடுவரிசை போதவில்லை என்று பொருள். 'கம்ப்ரஸர்-1' யூனிட் ஒன்றிலும் இருக்கிறது, யூனிட் இரண்டிலும் இருக்கிறது. மேக்சிமோவில் அசெட் எண்ணோடு சைட்டும் சேர்ந்துதான் அடையாளம் ஆகிறது. உங்கள் மென்பொருளில் அப்படி இரண்டைச் சேர்க்க முடியாவிட்டால், 'யூ1-கம்ப்-01' என்று கோடுக்குள்ளேயே யூனிட்டைச் சேர்த்துவிடுங்கள். சீரியல் நம்பர் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டு தயாரிப்பாளர்கள் '1001' என்ற ஒரே சீரியலைப் போட்டிருக்கலாம். தயாரிப்பாளர், மாடல், சீரியல் மூன்றும் சேர்ந்தால்தான் நம்பலாம்.

அறிகுறி: ரீவைண்டிங் போய் வந்த மோட்டாரெல்லாம் இரண்டு முறை இருக்கிறது

இங்கே தவறு ஃபைலில் இல்லை, எதை இயந்திரம் என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. 'ஏழாம் நம்பர் ரிங் ஃபிரேம் மெயின் மோட்டார்' என்பது ஓர் இடம். அந்த இடத்தில் இன்று மாட்டியிருக்கும் மோட்டார் ஒரு பொருள். எரிந்துபோன மோட்டார் ரீவைண்டிங் (உள்ளே கம்பியை மறுபடி சுற்றும் வேலை) போகும், ஸ்பேர் மோட்டார் அங்கே வரும், சரியாகி வந்தது மூன்று மாதம் கழித்துப் பன்னிரண்டாம் ஃபிரேமில் ஏறும். பட்டியல் எழுதியவர் ஒருமுறை இடத்தை எழுதியிருப்பார், இன்னொரு முறை மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பார்த்து எழுதியிருப்பார். இரண்டும் ஏறிவிட்டன.

எஸ்ஏபி மென்பொருளின் பராமரிப்புப் பிரிவு இதற்காகவே 'ஃபங்ஷனல் லொகேஷன்', 'எக்விப்மென்ட்' என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் மென்பொருளில் லொகேஷன் என்று ஒரு படிநிலை பெரும்பாலும் இருக்கும். இடத்தை அங்கே வையுங்கள், மோட்டாருக்குச் சீரியலோடு தனி அசெட் பதிவு கொடுங்கள், இடம் மாறும்போது பதிவை நகர்த்துங்கள். சின்ன மோட்டாருக்கெல்லாம் இவ்வளவு வேண்டாம். ரீவைண்டிங் செலவைத் தனித்தனியாகப் பார்க்க விரும்பும் அளவுள்ள மோட்டாருக்குச் செய்தால் போதும், மற்றவற்றை இயந்திரத்தின் பாகமாகவே விடுங்கள். எந்த அளவுக்கு மேல் தனிப் பதிவு என்பதை இம்போர்ட்டுக்கு முன் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனோடு உட்கார்ந்து முடிவு செய்து எழுதி வையுங்கள்.

அறிகுறி: ஒரே ஸ்பேர் நாலைந்து பெயரில் இருக்கிறது

எல்லாவற்றிலும் அதிக வேலை வாங்குவது இதுதான், அதிகப் பணத்தைக் காப்பாற்றுவதும் இதுதான்.

6205 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த ஆலை ஸ்டோரிலும் இருக்கும். பட்டியலில் '6205 இசட்இசட்', '6205இசட்இசட்', '6205-2இசட்', 'பிஆர்ஜி 6205 இசட்இசட்', 'பால் பேரிங் 6205', '6205 2ஆர்எஸ்', '6205 இசட்இசட் சி3' என்று ஏழு வரி. இவற்றில் எத்தனை உண்மையில் வேறு?

முதல் நான்கும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் உலோகத் தகடு மூடிய பேரிங்கை எஸ்கேஎஃப் '2இசட்' என்று எழுதும், என்எஸ்கே, என்டிஎன் போன்றவை 'இசட்இசட்' என்று எழுதும். '2ஆர்எஸ்' வேறு, அதில் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். 'சி3' என்பது உள் இடைவெளி வழக்கத்தைவிட அதிகம் என்ற குறி, மோட்டார்களில் அதைக் கேட்டே போடுவார்கள். அதைச் சாதாரண 6205-ஓடு சேர்த்துவிட்டால் ஒருநாள் தப்பான பேரிங் மோட்டாருக்குள் போகும். 'பால் பேரிங் 6205' என்ற ஐந்தாவது வரிக்கு ஸ்டோருக்குப் போய் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்த பேரிங்காகவும் இருக்கலாம், யாரோ பின்னொட்டை எழுதாமல் விட்டிருக்கவும் கூடும்.

ஆகவே 'இடைவெளி, சிறு கோடு எல்லாவற்றையும் நீக்கி, முதல் நான்கு இலக்கம் ஒன்றானால் சேர்த்துவிடு' என்ற மாதிரி விதி போடாதீர்கள். கணினி சந்தேகப் பட்டியல் தரட்டும், சேர்ப்பதா வேண்டாமா என்று ஃபிட்டரும் ஸ்டோர்காரரும் சொல்லட்டும். சந்தேகப் பட்டியல் தயாரிக்க ஓபன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் நல்லது. அதில் 'கிளஸ்டர்' என்ற வசதியில் 'ஃபிங்கர்பிரிண்ட்' முறை இருக்கிறது. சொற்களைச் சின்ன எழுத்தாக்கி, நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களை அகர வரிசையில் அடுக்கி ஒப்பிடும். 'பேரிங், பால், 6205' என்பதும் 'பால் பேரிங் 6205' என்பதும் ஒரே கொத்தில் வந்து நிற்கும். '2இசட்'டும் 'இசட்இசட்'டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது. அதற்கு நீங்களே ஒரு சமன் பட்டியல் எழுதி வைத்து, முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கொத்துப் பிரிக்க வேண்டும்.

பெயர் வைக்கும் முறையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பெயர்ச்சொல் முதலில், பிறகு வகை, பிறகு அளவு, பிறகு பின்னொட்டு: 'பேரிங், பால், 6205, 2இசட்'. தயாரிப்பாளர் பெயரை விவரத்துக்குள் எழுதாமல் தனி நெடுவரிசையில் வையுங்கள். விவரத்தில் எழுதினால் ஒரே பேரிங் ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு பதிவாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச இருப்பு நிர்ணயித்து, தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்கி வைப்போம்.

அறிகுறி: இயந்திரங்கள் சரி, ஆனால் வகை, இடம், சப்ளையர் பட்டியல் வீங்கிவிட்டது

'பம்ப்', 'பம்ப்ஸ்', 'பம்ப்பு', 'வாட்டர் பம்ப்' என்று வகைகள் நாலு. இயந்திர ஃபைலில் எழுதியிருந்த வகை ஏற்கெனவே இல்லாதபோது 'புதிதாக உருவாக்கவா?' என்று கருவி கேட்டிருக்கும், யாரோ 'ஆம்' கொடுத்திருப்பார். அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். இடம், வகை, சப்ளையர் பட்டியல்களை முதலில் தனித்தனியாக ஏற்றி, பிறகு இயந்திரங்களை ஏற்றுங்கள். இயந்திரங்களிலும் தாய் இயந்திரம் முதலில், உறுப்புகள் பிறகு. அதன்பின் ஸ்பேர், பிஎம் அட்டவணை, கடைசியாகப் பழைய ஒர்க் ஆர்டர்கள். பொருந்தாத வரி பிழையாகத் திரும்பி வரட்டும். ஏற்றும்போதே பிழையைப் பார்ப்பது பிறகு தேடிக் களைவதைவிட எவ்வளவோ மேல்.

சப்ளையர்களுக்குப் பெயரை நம்பவே வேண்டாம். 'ஸ்ரீ', 'ஶ்ரீ', 'திரு', 'அண்ட் கோ', 'அன் கோ' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இந்தியாவில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கிறது, அதை அடையாளமாக வையுங்கள். அதில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஒரே நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் ஒன்று, கர்நாடகத்தில் ஒன்று என இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்கலாம், பான் ஒன்றுதான். பில் தனித்தனியாக வருவதால் இரண்டு பதிவும் தேவைப்படலாம். பானை வைத்துக் கொத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன லேத் பட்டறை, வெல்டிங்காரர் போன்றவர்களுக்கு மொபைல் எண் போதும்.

அறிகுறி: சீரியல் இல்லாத இயந்திரங்கள் மட்டும் பெருகுகின்றன

'இதே சீரியலில் இன்னொன்றை அனுமதிக்காதே' என்ற கட்டுப்பாடு மென்பொருளில் இருக்கிறது, ஆனாலும் இரட்டை வருகிறது. காரணம், அந்தச் செல் காலியாக இருப்பது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற டேட்டாபேஸ்கள் மூன்றிலும் வழக்கமான அமைப்பில் 'மதிப்பே இல்லாத' வரிகள் எத்தனை இருந்தாலும் தனித்தன்மைக் கட்டுப்பாடு தடுக்காது. போஸ்ட்கிரெஸ் மேல் ஓடும் ஓடூவின் பராமரிப்புப் பகுதியில் சீரியல் எண்ணுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு, காலியாக விட்டால் அது கண்டுகொள்ளாது. அதற்காக 'இல்லை' என்று எழுதினால் முதல் இயந்திரம் மட்டும் ஏறும், இரண்டாவதிலிருந்து பிழை வரும், உடனே யாராவது 'இல்லை1', 'இல்லை2' என்று எழுதத் தொடங்குவார். பெயர்த்தகடு தேய்ந்துபோன இயந்திரத்துக்கு நீங்களே ஒரு எண் கொடுத்து, தகட்டில் பொறித்து இயந்திரத்தில் ஒட்டிவிடுங்கள். அந்த எண்ணே அடையாளம், சீரியல் கட்டம் காலியாக இருக்கட்டும்.

அறிகுறி: ஒரே பிஎம் இரண்டு முறை வருகிறது

இயந்திரம் ஒன்றுதான், ஆனால் கார்டிங் மெஷினுக்கு 'மாதாந்திர கிரீஸிங்' இரண்டு ஒர்க் ஆர்டராக வருகிறது. பிஎம் அட்டவணைக்குப் பெரும்பாலும் தனிக் கோடு கிடையாது, அதனால் மறுபடி ஏற்றினால் மறுபடி உருவாகும். இயந்திரக் கோடு, வேலைக் கோடு, இடைவெளி மூன்றையும் ஒட்டி 'கார்ட்03-கிரீஸ்-30நாள்' என்று ஒரு அடையாளத்தை நீங்களே உருவாக்கி, அட்டவணையின் பெயராகவோ எக்ஸ்டர்னல் ஐடியாகவோ வையுங்கள்.

இதை உடனே சரிசெய்ய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஆர்டர் வந்தால் ஃபிட்டர் ஒன்றை வேலை செய்து மூடுவார், மற்றதை வேலை செய்யாமலே மூடுவார். அப்படி மூடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் உண்மையான பிஎம்-மும் அதே கதிக்கு ஆளாகும். கிரீஸ் இரண்டு முறை அடித்தாலும் கெடுதல்தான், அளவுக்கு மிஞ்சிய கிரீஸ் பேரிங்கைச் சூடாக்கும்.

அறிகுறி: சுத்தம் செய்தாயிற்று, ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது

இரண்டு வாசல்களைப் பாருங்கள். கணக்கு மென்பொருளிலிருந்து இரவுதோறும் தானாக டேட்டா வருகிறதா? நீங்கள் இங்கே சேர்த்தது அங்கே இன்னும் இரண்டாகவே இருக்கும், இரவு வந்து மறுபடி உருவாக்கிவிடும். மூலத்தில் திருத்தாமல் இங்கே திருத்திப் பயனில்லை. அடுத்தது மொபைல் ஆப். சிக்னல் இல்லாத இடத்தில் ஃபிட்டர் இயந்திரத்தைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, புதிதாக உருவாக்கிவிடுகிறார். அவருக்கு உருவாக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, 'கிடைக்கவில்லை' என்று புகார் அனுப்பும் வசதி கொடுங்கள். இயந்திரத்தில் க்யூஆர் ஒட்டினால் தேடும் வேலையே மிச்சம்.

உள்ளே இருப்பதைச் சேர்ப்பது

காரணம் தெரிந்துவிட்டது. சரி, இப்போது இருக்கும் இரட்டைகளை என்ன செய்வது? ஒர்க் ஆர்டர் வரலாறு அதிகம் உள்ள பதிவை நிற்க விடுங்கள், அதன் கோடு தப்பாக இருந்தாலும் கோடை மாற்றிக்கொள்ளலாம். மற்றதிலிருந்து திறந்திருக்கும் ஒர்க் ஆர்டர்கள், பிஎம், மீட்டர் ரீடிங், வாரண்டி தேதி, இணைத்த கோப்புகள் எல்லாவற்றையும் இதற்கு நகர்த்துங்கள். மென்பொருளில் 'மெர்ஜ்' வசதி இருந்தால் முதலில் ஒரே ஒரு ஜோடியில் செய்து, மீட்டர் ரீடிங் சரியாக வந்ததா என்று பாருங்கள். இரண்டு பதிவிலும் மீட்டர் ஓடியிருந்தால் சில மென்பொருள் பின்னால் வந்த சின்ன எண்ணை 'மீட்டர் திரும்பிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும். காலியான பதிவை டெலீட் செய்யாமல் செயலிழக்கச் செய்து, 'இதற்குப் பதில் ஆர்எஃப்-07' என்று குறிப்பு எழுதுங்கள். பழைய கோடு அச்சிட்ட காகிதங்கள் ஷாப் ஃப்ளோரில் நிறைய சுற்றிக்கொண்டிருக்கும்.

ஸ்பேர்களில் சேர்ப்பதற்கு முன் ஸ்டோரில் கையால் எண்ணுங்கள். இரண்டு பதிவின் இருப்பையும் கூட்டிவிட்டால் சரி என்று தோன்றும், ஆனால் ஒரே பெட்டியை இரண்டு பெயரிலும் எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

மறுபடி ஏற்றும் முன்

சோதனைக்கென்று ஒரு தனி நகலில் இதைச் செய்யுங்கள். சிக்கலான வரிகளாக ஐம்பதைப் பொறுக்கி எடுங்கள்: முன்னால் பூஜ்யம் உள்ளவை, நீண்ட சீரியல், சீரியலே இல்லாதவை, தமிழ்ப் பெயர், தாய் இயந்திரமும் அதன் உறுப்பும், '2இசட்' பேரிங். ஏற்றுங்கள். எதையும் மாற்றாமல் அதே ஃபைலை உடனே இன்னொரு முறை ஏற்றுங்கள். இரண்டாம் முறை 'புதிதாக உருவானவை 0, திருத்தியவை 50' என்று வர வேண்டும். பிறகு அந்த ஐம்பதையும் எக்ஸ்போர்ட் செய்து, எக்செலில் திறந்து சேமித்து, மறுபடி ஏற்றுங்கள். நிஜ வாழ்க்கையில் நடக்கப்போவது இதுதான் என்பதால் இந்தச் சுற்றை விட்டுவிடாதீர்கள். இதிலும் 0 வந்தால் முழு ஃபைலை ஏற்றலாம், பிஎம் தானாக உருவாகும் வேலையையும் மறுபடி தொடங்கலாம். ஒன்றே ஒன்று புதிதாக உருவானாலும் அந்த வரியை எடுத்து, மேலே எந்த அறிகுறியோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.